சுங்கத் தீர்வையும் கண்டிச் சீமையும்

சுங்கம் என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே வந்திறங்கும் பண்டங்களுக்கும் ஏறிச்செல்லும் பண்டங்களுக்கும் சோழனது புலி இலச்சினையைப் பொறித்துச் சுங்கங்கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அரசனுடைய வருவாய்களை எண்ணுமிடத்து வள்ளுவர் 'உல்கு' என்பதனையும் சேர்த்தெண்ணுகின்றார். முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்பது பட்டப்பெயர். வரியொன்றை நீக்கியமைக்காகவே ஓர் அரசன் பெயர் பெற்றானெனின், அவ்வரி குடிகளை எத்துணை அழுத்தியிருத்தல் வேண்டும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இலக்கிய வகுப்பிலே இவற்றை யாம் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு முறை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சுங்கம் கட்டினது கப்பல்காரர்தானே? சனங்களுக்கு அதனால் என்ன?" என்று கேட்டான். வினா எளியதுதான். விடையோ பாடவேளை முடியுமட்டும் சொல்லியும் முடிந்தபாடில்லை. யாம் பொருளியல் கற்றவரல்லேம். தமிழாசிரியப் பயிற்சிப் பத்திரத்தோடு நின்றுவிட்டவர். ஆயினும் அவ்வினாவை மனத்திற்கொண்டு சில நூல்களைப் புரட்டியபோது, கண்டிச் சீமையின் கதையே அதற்கு விடையாக அமைந்திருக்கக் கண்டோம். வகுப்பில் முடியாததை இவ்விழா மலரிலே முடிக்க முயல்கின்றோம்.

நம் கல்லூரியிற் பயின்றோருள் மிகப்பலருடைய முன்னோர் கண்டிச் சீமைக்கு வந்தது எங்ஙனம்? தமிழ்நாட்டிலே பஞ்சம் என்பர். கங்காணியின் ஆசைவார்த்தை என்பர். இரண்டும் மெய்யே. இவ்விரண்டோடு மூன்றாவதொன்றும் உண்டு. அஃது இலண்டன் மாநகரத்துச் சுங்கப் பட்டியலிலே கோப்பி என்ற சொல்லுக்கு எதிரே எழுதப்பட்டிருந்த ஓர் எண்.

கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் 1824ஆம் ஆண்டளவிற் கோப்பித் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தாமும் கன்னொறுவையில் ஒரு தோட்டம் போட்டார். அவர் காலத்திற் கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதியும் அமைக்கப்பட்டது. இத்துணைச் சலுகையிருந்தும் கோப்பித் தொழில் அப்போது தழைத்தோங்கவில்லை. ஏனெனில், பிரித்தானியாவுக்குட் செல்லும் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கு இறாத்தலொன்றுக்கு 6 பென்ஸ் தீர்வை. இலங்கைக் கோப்பிக்கோ 9 பென்ஸ். இரண்டும் ஒரே முடியின்கீழ் இருந்த நாடுகளே. எனினும் மேற்கிந்தியத் தோட்ட முதலாளிமார் பாராளுமன்றத்திலே செல்வாக்குடையோர். ஆதலின் அவர்தம் கோப்பிக்கு மூன்று பென்ஸ் உயரமுள்ள மதிலொன்று காவலாய் நின்றது.

1835இல் அம்மதில் இடிந்தது. இருவர்க்கும் 6 பென்ஸ் எனச் சமமாக்கப்பட்டது. அதேவேளை பிரேசில் முதலிய பிறநாட்டுக் கோப்பிக்கு 15 பென்ஸ் தீர்வை நின்றது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தமையால் அங்கு விளைவும் குறைந்தது. மதிலுக்கு வெளியே நின்ற இலங்கை ஒரே நாளில் மதிலுக்கு உள்ளே வந்துவிட்டது எனலாம். அடுத்த பத்தாண்டுகளிற் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் நிகழ்ந்ததை வரலாற்றாசிரியர் 'கோப்பிப் பித்து' என்றே கூறுவர். படைத்தலைவரும், அரச உத்தியோகத்தரும், நீதிபதிகளுங்கூடக் காடு வாங்கினர். காட்டை வெட்டக் கை வேண்டும். பழம் பறிக்கக் கை வேண்டும். 1844ஆம் ஆண்டில் மட்டும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ் ஆடவர் கடல்கடந்து வந்தனர் என்பது கணக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்த அவ்வழியில், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் தொகையை எவரும் செவ்வனே எழுதிவைக்கவில்லை.

இலண்டனிற் கணக்கனொருவன் ஓர் எண்ணை அழித்து மற்றோர் எண்ணை எழுதினான். திருச்சிராப்பள்ளிச் சீமையிலோ புதுக்கோட்டைச் சீமையிலோ ஒரு குடும்பம் மூட்டை கட்டியது. நடுவே நின்ற காரணங்கள் பல என்பதை யாம் மறுக்கவில்லை. எனினும் அந்த மூன்று பென்சை நீக்கிவிட்டு மலையகத் தமிழருடைய வரலாற்றை எழுதுதல் இயலாது.

கதை இத்துடன் நிற்கவில்லை. மதிலை இடித்தவர்க்கு மற்ற மதில்களும் கண்ணில் உறுத்தின. பிரித்தானியாவிலே சுதந்திர வாணிபக் கொள்கை மேலோங்கிய காலம் அது. றொபேட் பீல் முதலமைச்சராயிருந்தபோது, 1842இல், குடியேற்ற நாட்டுக் கோப்பிக்கு 4 பென்ஸ், பிறநாட்டுக் கோப்பிக்கு 8 பென்ஸ் என்றாயிற்று. 1844இல் அந்த எட்டும் ஆறாயிற்று. 1851இல் எல்லார்க்கும் 3 பென்ஸ் என்று முழுச் சமமாயிற்று. பிரித்தானியத் தொழிலாளி மலிவாகக் கோப்பி குடித்தான். அவனுக்கு அது நன்மையே. அதனைக் குறைகூற யாம் வரவில்லை. ஆனால் 15 பென்ஸ் மதிலை நம்பிக் கடன்வாங்கிக் காடு வெட்டியவன் நிலை என்ன? பிரேசில், யாவா நாட்டுக் கோப்பியோடு நேர்நின்று பொருத வேண்டியதாயிற்று. 1847இல் இலண்டனிலே பணநெருக்கடியும் வந்து சேர்ந்தது. கண்டிச் சீமையில் தோட்டங்கள் கைமாறின, சில காடேறின. கூலி கைக்கு வராமலே திரும்பி நடந்தவர் பலர்.

இனி, இக்கதையில் நாம் நின்று நோக்கவேண்டிய இடம் வருகின்றது. விலை வீழ்ந்ததும் தோட்டக்காரர் அரசை நெருக்கினர். எமர்சன் டெனன்ட் என்னும் குடியேற்ற நாட்டுச் செயலாளர் இலங்கையின் வருமானத்தை ஆராய்ந்து, ஏற்றுமதித் தீர்வைகளைத் தவிர்த்து, நேர்வரிகளை விதித்தல் நலமென எழுதினார். கோப்பிக்கு அப்போதிருந்த நூற்றுக்கு இரண்டரை வீத ஏற்றுமதித் தீர்வை நீங்கியது. நீங்கிய வருவாயை எங்கிருந்து ஈடுசெய்வது? தேசாதிபதி டொரிங்டன் 1848இல் துவக்குக்கு ஆண்டுக்கு இரண்டரைச் சிலின், நாய்க்கு ஒரு சிலின், கடைக்கு ஒரு பவுண் என வரி விதித்தார். ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் வீதியில் வேலைசெய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலின் கட்டல் வேண்டும் என்ற சட்டமும் வந்தது. கோப்பிக்கும் கண்டிக் கிராமத்து உழவனுடைய நாய்க்கும் என்ன தொடர்பு? தொடர்பு யாதுமில்லை, ஆயினும் கோப்பியின் சுமை இறங்கி நாயின் கழுத்தில் ஏறியது. அவ்வாண்டு யூலையிற் கண்டிக் கச்சேரி முன் சனங்கள் திரண்டனர். மாத்தளையிற் கலகம் மூண்டது. ஆகத்து 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிலே சுட்டுக்கொல்லப்பட்டான். புரன் அப்புவைப் பாடப்புத்தகத்திற் படிக்கும் நம் மாணவர், அவ்வீரன் மாண்ட கதைக்குப் பின்னே ஒரு சுங்கப் பட்டியல் கிடப்பதையும் அறிதல் வேண்டும்.

மற்றொன்றையும் ஈண்டுச் சொல்லிவிடுதல் தகும். தன்னாட்டுத் தொழிலாளிக்குத் தானியம் மலிவாதல் வேண்டுமென்று தானியச் சட்டங்களை 1846இல் நீக்கிய பிரித்தானியா, இலங்கைத் தோட்டத் தொழிலாளி உண்ட இந்திய அரிசியின் தீர்வையை நீக்க எண்ணவில்லை. உள்நாட்டு நெல்வரி 1892இல் நீங்கியபோதும் இறக்குமதி அரிசித் தீர்வை தொடர்ந்தது. சுதந்திர வாணிபம் என்னும் நெறி கப்பலேறி வரும்போது வழியிற் சற்று மெலிந்துவிட்டது போலும்!

நிற்க. தீர்வை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைச் சிறு கணக்கால் விளக்குவோம். வெளிநாட்டு வெங்காயம் துறைமுகத்திற் கிலோ 100 ரூபா என்று கொள்வோம். அரசு 50 ரூபா தீர்வை வைக்கின்றது. சந்தையில் அது 150 ரூபாவாகும். இதுவரை எல்லாருக்கும் விளங்கும். விளங்காதது இனித்தான். உள்நாட்டு வெங்காயத்துக்குத் தீர்வை இல்லை. ஆயினும் அதுவும் 150 ரூபாவை நெருங்கிவிடும். 150 கொடுக்க ஆள் இருக்கும்போது 100க்கு விற்பவன் யார்? ஆகவே வெளிநாட்டு வெங்காயம் வாங்குபவன் கொடுக்கும் மிகை 50 ரூபா அரசின் பெட்டிக்குச் செல்கின்றது. உள்நாட்டு வெங்காயம் வாங்குபவன் கொடுக்கும் மிகையோ உழவன் மடிக்குச் செல்கின்றது. பின்னது வரியென்று எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை, ஆனால் வரிதான். இன்னும் ஒருவன் உளன்: 150 கொடுக்கமாட்டாமல் வெங்காயமின்றிக் குழம்பு வைப்பவன். அவனுடைய இழப்பு அரசுக்கும் சேரவில்லை, உழவனுக்கும் சேரவில்லை, வெறுமனே அழிந்துபோகின்றது. கணக்கெழுதுவோர் பெரும்பாலும் மறப்பது இவனைத்தான்.

அங்ஙனமாயிற் காப்புவரி தீதென்று தீர்ப்புச் சொல்லிவிடலாமோ? அவசரப்படுதல் கூடாது. நாற்றுக்கு வேலி வேண்டும் என்பதை எந்த உழவனும் அறிவான். வேலியில்லாத நாற்றை ஆடு மேய்ந்துவிடும். இளங் கைத்தொழிலும் அத்தகையதே என்பர் காப்புவரியை வேண்டுவோர். அமெரிக்காவும் சேர்மனியும் அவ்வாறு வேலியிட்டே வளர்ந்தன. கேள்வி, வேலியை எப்போது எடுப்பது என்பதும், வேலிக்குக் கம்பு யார் வீட்டுக் கூரையிலிருந்து பிடுங்கப்படுகின்றது என்பதுமே.

இதற்கு நம் நாட்டின் 1970ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரையுள்ள காலத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. அந்நியச் செலாவணி வறண்டமையால், அறுபதுகளின் தொடக்கம் முதலே இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு வந்தது. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்களின் அரசு அதனை மேலும் இறுக்கியது. மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே கிணற்று நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் நட்டவன் அதனால் நிமிர்ந்தான். கல்வீடு எழுந்தது; நீரிறைக்கும் இயந்திரம் வந்தது; பெண்ணுக்கு நகை வந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய குடியேற்றங்களிற் படித்த இளைஞர் மிளகாய் நட்டுக் கைநிறையப் பணங் கண்டனர். வடக்கிலிருந்து கண்டிக்கு வந்து வாழும் பெரியோர் சிலர் அக்காலத்தை இன்றும் பொற்காலம் என்பர். அவர்கள் பொய் கூறவில்லை.

அதே காலத்தைத் தோட்டப்புறத்து முதியவரிடம் கேட்டுப்பாருங்கள். அவர் மிளகாயைப் பற்றிச் சொல்லார். பாண் வரிசையைப் பற்றிச் சொல்வார். 1973இல் எண்ணெய் விலையும் தானிய விலையும் உலகெங்கும் ஏறின. பங்கீட்டு அரிசியும், மாவும், சீனியும் வெட்டப்பட்டன. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடையிருந்தது. வீதித்தடைகளில் மூட்டைகள் சோதிக்கப்பட்டன. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலோ, பலாமரமோ, மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. லயத்து அறையில் வாழ்ந்தவனுக்குக் கூப்பனும் மாவும் தவிர வேறில்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் பொது வீதத்தை விட மிக உயர்ந்து நின்றது. கண்டி நகர வீதிகளிலே கையேந்தி நின்ற தோட்டக் குடும்பங்களைக் கண்டதாக நகரத்துப் பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம்.

அப்பசிக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு ஒன்றே காரணமென்று யாம் சொல்லவில்லை. உலகச் சந்தையும், பங்கீட்டு முறையின் குறையும், வரட்சியும் அதிற் பங்குடையன. ஆயினும் பொருள் வெளியிலிருந்து வாராத நாட்டில், நிலமுள்ளவன் விலையேற்றத்தால் வாழ்வான், நிலமில்லாதவன் அதே விலையேற்றத்தால் வாடுவான் என்பது கண்கூடு. இருவரும் தமிழரே. ஒரே சட்டத்தின்கீழ், ஒருவன் கல்வீடு கட்டினான். மற்றவன் பிள்ளையைப் புதைத்தான். 'தமிழருக்கு அக்காலம் நன்றோ தீதோ' என்று மேடையில் வினவுவோர் எந்தத் தமிழருக்கு என்று சேர்த்து வினவுதல் வேண்டும்.

1977இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் தீர்வைகள் வைக்கப்பட்டன. ரூபாவின் மதிப்பும் இறக்கப்பட்டது. கடைகள் நிறைந்தன, பாண் வரிசை மறைந்தது. மறுபுறத்தில் இந்திய வெங்காயமும் மிளகாயும் வந்திறங்க, வடக்கின் உழவன் விலை காணாது தவித்தான். கைத்தறிகள் ஓய்ந்தன. நாடெங்கும் பல்லாயிரம் பெண்கள் அத்தறிகளோடு தம் பிழைப்பையும் இழந்தனர். வேலியை ஓராண்டில் ஒரு முழம் என்று இறக்கியிருப்பின், அவர்கள் வேறு தொழில் தேடிக்கொள்ள அவகாசமேனும் கிடைத்திருக்கும். ஏழாண்டு உயர்ந்த வேலியை ஓரிரவிற் பிடுங்கியமையே அவர்களை வீழ்த்தியது என்பது எம் கருத்து.

தீர்வையைக் குறைத்தால் விலை குறையும் என்று எண்ணுவாருக்கும் ஒரு சொல். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்பது வந்தது. வர்த்தமானி ஒன்றினால் ஓரிரவில் அதை ஏற்றவும் இறக்கவும் இயலும். 2020 ஒக்டோபரிற் சீனிக்கு இருந்த கிலோவுக்கு 50 ரூபா அறவீடு 25 சதமாக இறக்கப்பட்டது. கடையிற் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை என்பதைத் தேநீர் குடிக்கும் எவரும் அறிவர். அரசு இழந்த வருவாய் சுமார் 1,590 கோடி ரூபாவெனக் கணக்காய்விற் கூறப்பட்டது. மதிலை இறக்கினால் மட்டும் போதாது. வாசலிற் பலர் நின்று விற்றால்தான் விலை இறங்கும். ஒருவரிருவர் மட்டும் நின்றால், அரசு விட்டது அவர்தம் பெட்டியில் விழும்.

பிறநாட்டார் தீர்வையும் அவ்வாறே நம் வாசலுக்கு வந்துவிடும். 2025 ஏப்பிரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வை என அறிவித்து, ஆகத்தில் 20 வீதமாக்கியது. இடைப்பட்ட மாதங்களில், ஆடைத் தொழிலகங்களுக்கு நம் சுற்றுப்புறங்களிலிருந்து சென்றுவரும் பெண்கள் வேலை நிலைக்குமோ என்று கலங்கினர். தைத்த சட்டையை உடுப்பவன் யாரென்று அவர்கள் அறியார்.

மிளகின் கதையோடு முடிப்போம். கண்டி, மாத்தளை மாவட்டங்களே இந்நாட்டில் மிளகுக்குப் பேர்போனவை. வத்தேகமை, உக்குவளைப் பக்கங்களில் வீட்டுக் கொல்லையிற் கிளிரிசீடியா மரத்திற் கொடி படராத வீடு அரிது. 1998 டிசெம்பரிற் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையால், பிறநாட்டு மிளகுக்கு 70 வீதத் தீர்வை விதித்த இந்தியாவினுள் நம் மிளகு தீர்வையின்றி நுழைந்தது. பின்னர் அச்சலுகைக்கு ஆண்டுக்கு 2,500 தொன் என்று வரம்பு வைக்கப்பட்டது. 1835இல் கோப்பிக்குக் கிடைத்த அதே பேறு. மதிலுக்கு உள்ளே இடம். மதிலுக்கு உள்ளே இடங் கிடைத்தவன் பெயரைச் சொல்லிப் பிறரும் நுழையப் பார்ப்பர் என்பது உலக வழக்கு. வியற்நாம் மிளகு இலங்கை வழியாக வருகின்றதென இந்திய மிளகு விவசாயிகள் முறையிட்டனர். 2017 டிசெம்பரில் இந்திய அரசு, கிலோவுக்கு 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்தல் கூடாதென ஆணையிட்டது. உலக விலை அதற்குக் கீழே கிடந்தது. கதவு ஏறத்தாழச் சாத்தப்பட்டது போலாயிற்று. வியற்நாமின் மிகுவிளைவால் உலகெங்கும் விலை சரிந்த காலமும் அதுவே.

வயனாட்டிலும் குடகிலும் மிளகு நட்டவன் அவ்வாணையைக் கொண்டாடினான். அவன் கடன்பட்டவன், அவனுக்கும் பிள்ளைகள் உளர். இங்கே எம் மாணவன் ஒருவன் வீட்டிற் காய்ந்த மிளகு இரண்டு சாக்கு, விலை ஏறுமென்ற நம்பிக்கையில் ஈராண்டு அறை மூலையிற் கிடந்தது. அவன் தந்தையார் தில்லியைக் கண்டவரல்லர். வியாபாரி ஏன் வாங்க வரவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னவன், சுங்கத்தால் சனங்களுக்கு என்ன என்று வகுப்பிலே எழுந்து கேட்ட அம்மாணவனே.